பாம்புப் புழு கிடக்கட்டும்... உங்கள் வீட்டுப் புழுவைப் பாருங்கள்!

போன கார்த்திகை மழையில் எங்கள் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் சாரைப்பாம்பு ஒன்று வந்துவிட்டது. வாய்க்கால் ரொம்பினால் எலி மேலே வரும். எலிக்குப் பின்னாலேயே சாரை வரும். வருஷா வருஷம் நடக்கிற சங்கதிதான். பையன்கள் கூடிக் கம்பால் அடித்துவிட்டார்கள். (விஷமே இல்லாத பாம்பு. எலி பிடித்துக் கொடுக்கிற பாம்பு. அதை அடிப்பது சட்டப்படி குற்றமும்கூட. சொன்னால் யார் கேட்கிறார்கள்!)

அடித்ததில் தோல் கிழிந்திருக்கிறது. உள்ளே, தோலுக்கும் சதைக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று ரிப்பன் துண்டு மாதிரி இரண்டு மூன்று நெளிந்திருக்கின்றன. பாம்பு செத்துவிட்டது, அது மட்டும் நெளிகிறது! அவ்வளவுதான், சந்தே கூடிவிட்டது.

சாயங்காலம் என் கிளினிக்கில் முதல் கேஸே அதுதான். ப்ளஸ் ஒன் படிக்கிற பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் ஒரு அம்மா.

"டாக்டரம்மா, இவன் அந்தப் பாம்பைக் கம்பால தூக்கிப் போட்டிருக்கான். கையில ஏதோ ஈரம் பட்டுச்சாம். அந்தப் பூச்சி உள்ள போயிருக்குமா? நேரா மூளைக்கு ஏறிடும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. டிவியில பார்த்தாராம்!"

சொல்லும்போதே அழுகை. பெஞ்சில் இருந்த எல்லோரும் தங்கள் ஜுரம், சளி, சர்க்கரை எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பாம்புக் கதை கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கையில் காயம் இல்லை. "சோப்புப் போட்டு நல்லா கழுவுப்பா. வீட்டுக்குப் போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவுக்கு என் மேல் திருப்தி இல்லை. ஒரு ஊசியாவது போட்டிருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அதே பெஞ்சில், ஓரமாக, இன்னொரு அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போகிற வரைக்கும் காத்திருந்தார். உள்ளே வந்ததும், "கதவைச் சாத்திக்கட்டுமா?" என்றார். கூட வந்திருந்த மகளுக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் பெண். இடது மணிக்கட்டில் சுட்ட காயம். "தோசைக்கல்லுல சுட்டுக்கிட்டா. மருந்து மட்டும் போட்டு விடுங்க" என்றார். தோசைக்கல்லில் சுட்டுக்கொள்பவள் உடனே கையை எடுப்பாளே? இது உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் அழுத்திச் சுட்ட காயம். நான் விடவில்லை. நாலு கேள்வி கேட்ட பிறகு மெதுவாக வந்தது: ஒரு வருஷத்தில் மூன்று தடவை வலிப்பு. மூன்றாவது தடவை அடுப்பு பக்கத்திலேயே. முதல் தடவை மந்திரித்தார்கள். இரண்டாவது தடவை யாரோ மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை. அதுவும் பத்து நாளோடு நின்றுவிட்டது.

"ஜாதகம் வெளியே போயிருக்கு டாக்டரம்மா. ஃபிட்ஸ்னு தெரிஞ்சா யாரு பொண்ணு எடுப்பாங்க? சீட்டுல மயக்கம்னு எழுதிக் கொடுங்களேன்..."

அந்தப் பெண்ணைக் கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பினேன். ஸ்கேனில் மூளையில் பட்டாணி அளவுக்குக்கூட இல்லாத ஒரு சின்ன வளையம் தெரிந்தது. நாடாப்புழுவின் குஞ்சு.

இதை எழுதக் காரணம் அந்தச் சாயங்காலம்தான். செத்த பாம்பில் இருந்த நாடாப்புழுவுக்கு ஊர் கூடிக் கூச்சல் போட்டது. பெண்ணின் தலைக்குள் இருந்த நாடாப்புழுவைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒளித்தார்கள். நாம் பயத்தைத் தப்பான இடத்தில் செலவழிக்கிறோம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் அருவருப்பான விஷயம்தான், சாப்பிட்டு முடித்த பிறகு படியுங்கள்!

நாடாப்புழுவுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது. தலையில் உள்ள உறிஞ்சிகளால் குடலில் ஒட்டிக்கொண்டு, நாம் ஜீரணித்து வைத்ததை உடம்புத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும். சோம்பேறி. ஆனால் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்து முடிகிற ஜாதி இல்லை. அதற்கு ஒரு 'சொந்த வீடு' வேண்டும், ஒரு 'சத்திரம்' வேண்டும். சொந்த வீடு என்பது ஒரு பிராணியின் குடல். அங்கேதான் நீளமாக வளர்ந்து முட்டை போடும். சத்திரம் என்பது இன்னொரு பிராணியின் சதை. அங்கே குஞ்சாகக் காத்துக் கிடக்கும். சத்திரத்தில் இருக்கும் பிராணியைச் சொந்த வீட்டுப் பிராணி தின்றால் பயணம் முடிந்தது.

அந்தச் சாரைப்பாம்பில் நெளிந்தது அநேகமாக ஸ்பைரோமீட்ரா என்ற வகையின் குஞ்சாக இருக்கும். இதற்குச் சொந்த வீடு நாய், பூனை. அவற்றின் மலத்திலிருந்து முட்டை குளம் குட்டைக்குப் போகும். அங்கே சைக்ளாப்ஸ் என்று ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு, அது விழுங்கும். (நரம்புச் சிலந்தி நோய் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதைச் சுமந்ததும் இதே சைக்ளாப்ஸ்தான். குடிநீரை வடிகட்டியும் படிக்கிணறுகளை மாற்றியும் அந்த நோயையே ஒழித்துக் கட்டினோம். கடைசி இந்திய நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சர்டிபிகேட் கொடுத்தது.) சைக்ளாப்ஸைத் தவளைக் குஞ்சு தின்னும், தவளையைப் பாம்பு தின்னும். பாம்பு இங்கே வெறும் சத்திரம். புழு தோலுக்கடியில் சுருண்டு படுத்து, வருஷக்கணக்கில் ஒரு பூனைக்காகக் காத்திருக்கும். பாம்பின் குடலையே சொந்த வீடாகக் கொண்ட நாடாப்புழுக்களும் உண்டு. அவை நம் பக்கம் வருவதில்லை, விட்டுவிடலாம்.

மனிதனுக்கு ஸ்பைரோமீட்ரா வருமா? வரும், அபூர்வமாக. வேகாத தவளை, பாம்புக் கறி தின்றால். சைக்ளாப்ஸ் உள்ள குட்டைத் தண்ணீரை அப்படியே குடித்தால். இன்னொரு வழியும் உண்டு. நான் பிராக்டீஸ் ஆரம்பித்த புதிதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தா ஒருவர் என்னிடம் வருவார். இந்தோசீனாவில் இருந்தவர். அங்கே கண் வலிக்குப் பச்சைத் தவளையைக் கீறிக் கண்மேல் கட்டுவார்கள் என்று அவர் சொன்னபோது கதை விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு புத்தகத்தைப் பார்த்தால் நிஜம்! தவளைச் சதையில் இருக்கும் புழு, கண்ணின் சூட்டுக்கு இந்தப் பக்கம் ஏறி வந்துவிடுமாம். சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் 1882-லேயே, இறந்த ஒருவர் உடம்பில் இந்தப் புழுவைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் கேம்ப்ரிட்ஜ் ஆஸ்பத்திரியில் சீன வம்சாவளி ஆள் ஒருவருக்குத் தலைவலியும் வலிப்பும். ஸ்கேன் எடுக்க எடுக்க வளையம் இடம் மாறுகிறது. நாலு வருஷத்தில் மூளைக்குள் 5 சென்டிமீட்டர் நடந்திருக்கிறது புழு! அறுவை செய்து எடுத்தார்கள். 2014-ல் வெளிவந்த செய்தி இது.

நாம் பாம்பும் தின்பதில்லை, கண்ணில் தவளையும் கட்டுவதில்லை. தவளைக்கால் என்றால் ஏற்றுமதி ஞாபகம்தான் வரும். அதையும் 1987-ல் தடை செய்தாகிவிட்டது. ஆகவே நெல்லித்தோப்பில் சாரைப்பாம்பின் புழு உங்கள் மூளைக்கு ஏறுவதற்கு நீங்கள் ரொம்பவே மெனக்கெட வேண்டும்.

அப்படியானால் பக்கத்து வீட்டு அண்ணன் டிவியில் பார்த்தது? அதுவும் நிஜம்தான். ஆஸ்திரேலியாவில் கான்பெரா ஆஸ்பத்திரி. 2022-ல் 64 வயது அம்மாள் ஒருவருக்கு மறதியும் மனச்சோர்வும். மூளையில் ஏதோ தெரிகிறது என்று அறுவை செய்தார் ஹரிப்ரியா பண்டி என்ற டாக்டர். இடுக்கியால் எடுத்தால் 8 சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பாக, உயிரோடு துடிக்கிற புழு! இது நாடாப்புழு இல்லை, உருளைப்புழு. கார்ப்பெட் பைதான் என்கிற மலைப்பாம்பின் குடல்தான் இதற்குச் சொந்த வீடு. எலி மாதிரி சின்னப் பிராணிகள் சத்திரம். மனிதனுக்கு வந்ததாக உலகத்திலேயே முதல் கேஸ்.

அந்த அம்மாளைப் பாம்பு கடிக்கவில்லை. அவர் பாம்பைத் தொடவும் இல்லை. ஏரிக்கரையில் பறித்த ஒரு காட்டுக்கீரையில் பாம்பின் மலம் பட்டிருக்கலாம், முட்டை அந்த வழியாகப் போயிருக்கலாம் என்பதுதான் டாக்டர்களின் ஊகம். புழு அவரை எலி என்று நினைத்துக்கொண்டது. எலி இருக்க வேண்டிய இடத்தில் மனுஷி நின்றுவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

இந்த 'இடம் மாறி நிற்பது' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெண்ணின் வலிப்பு அதில்தான் இருக்கிறது.

டீனியா சோலியம் என்ற நாடாப்புழுவுக்குச் சொந்த வீடு எது தெரியுமா? மனிதக் குடல். வேறு வீடே கிடையாது! பன்றி வெறும் சத்திரம். எங்கள் சொல்தா தாத்தா இதை 'வேர் சொலித்தேர்' என்பார். தனிமைப் புழு என்று அர்த்தமாம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். பெரும்பாலும் ஒருவர் குடலில் ஒன்றுதான் இருக்கும், அதனால். ஒன்று என்றாலும் இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். முற்றிய கணு ஒவ்வொன்றிலும் 50,000 முட்டை வரைக்கும் இருக்கும்.

பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்றால் என்ன ஆகும்? கறியில் அரிசிமணி போலத் தெரிகிற குஞ்சு, குடலுக்குப் போய் நாடாப்புழுவாகும். இதை 1855-ல் நிரூபித்தவர் குச்சன்மைஸ்டர் என்ற ஜெர்மானிய டாக்டர். எப்படி நிரூபித்தார் என்று கேட்காதீர்கள்... சரி, சொல்லிவிடுகிறேன். தூக்குத் தண்டனைக் கைதி ஒருவனுக்குச் சில நாட்களுக்கு முன்பு அவன் சாப்பாட்டில் அந்த மணிகளைக் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பிறகு குடலைத் திறந்து பார்த்தார்! அன்றைய விஞ்ஞானம் அப்படி.

இப்படிக் குடலில் நாடாப்புழு வருவதால் பெரிய ஆபத்து இல்லை. லேசான வயிற்றுவலி, அவ்வளவுதான். பலருக்கு அதுவும் இருக்காது. மூளைக்குப் போவது கறி தின்பதால் அல்ல. முட்டையை விழுங்குவதால்.

குடலில் நாடாப்புழு உள்ள ஒருவர் மலம் கழிக்கிறார். முட்டை வெளியே வருகிறது. பன்றி அதைத் தின்றால் வழக்கமான பாதை. மனிதன் விழுங்கிவிட்டால்? புழுவுக்கு ஆள் அடையாளம் தெரியாது. இவனும் பன்றிதான் என்று முடிவு கட்டிக் குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, சதைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்ச் சத்திரம் போட்டுவிடும். கான்பெரா அம்மாள் எலியின் இடத்தில் நின்ற மாதிரி, நாம் பன்றியின் இடத்தில் நிற்கிறோம். (மாட்டுக்கறி வழியாக வருகிற நாடாப்புழுவின் முட்டைக்கு இந்த வேலை தெரியாது. அது குடலோடு சரி.)

'நாங்க சுத்த சைவம் டாக்டர், எங்களுக்கு எப்படி?' என்று என்னிடம் சண்டை பிடித்தவர்கள் உண்டு. சைவமும் அசைவமும் முட்டைக்குத் தெரியுமா? நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் பன்றிக்கறியைக் கையாலும் தொடாத ஆச்சார யூதக் குடும்பங்கள். அங்கே ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத நாலு பேருக்கு மூளையில் இந்தப் புழு என்று 1992-ல் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. சமையல், வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மூலமாக முட்டை வந்திருக்கும் என்பது முடிவு. இந்தக் கதையை நான் சொல்லத் தயங்குவேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் ஊருக்கும் இது புதுசு இல்லை. 1888-ல் மதராஸில் வலிப்பு வந்து இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியின் மூளையில் இந்தப் புழு இருந்ததாக ஆர்ம்ஸ்ட்ராங் என்ற டாக்டர் எழுதியிருக்கிறார். இந்தியாவில் முதல் பதிவு அதுதான். இங்கே இருந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு, போய் வருஷங்கள் கழித்து வலிப்பு வந்தது. 1961-ல் அப்படி 450 பேரைப் பற்றி ஒரு அறிக்கையே வந்தது, பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தவர்கள்.

ஏன் வருஷங்கள் கழித்து? இதுதான் இந்தப் புழுவின் விசித்திரம். மூளையில் உயிரோடு இருக்கிற வரைக்கும் தன்னை உடம்புக்குக் காட்டிக்கொள்ளாமல் சத்தமில்லாமல் படுத்திருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பு வருகிறது. 'போன வாரம் ஓட்டல்ல சாப்பிட்டதுதான்' என்று துப்புத் துலக்குவதில் அர்த்தமே இல்லை.

நாங்கள் படித்த காலத்தில் ஸ்கேனில் இப்படி ஒற்றை வளையம் தெரிந்தால் டி.பி. கட்டி என்று சொல்லி மாசக்கணக்கில் டி.பி. மருந்து கொடுப்பது வழக்கம். எத்தனை பிள்ளைகள் சும்மா அந்த மருந்தை விழுங்கினார்களோ! வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது இந்தப் புழுக்குஞ்சு. 1989-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். நம் வலிப்பு வைத்தியத்தின் போக்கையே மாற்றிய கட்டுரை என்பேன். பிறகு வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்டார்கள். தொடர்ந்து வலிப்பு வருகிறவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுதான். மூன்றில் ஒன்று! பாம்புப் புழுவுக்கு அலறுகிற ஊரில் இதை யாராவது பேசுகிறோமா?

பேச மாட்டோம். ஏனென்றால் 'வலிப்பு' என்ற வார்த்தையே நம் வீடுகளில் கெட்ட வார்த்தை. காற்று பட்டது, பேய் அடித்தது, முன்வினை. எதையும் சொல்வோம், ஃபிட்ஸ் என்று மட்டும் சொல்ல மாட்டோம். இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு காலத்தில் திரும்பத் திரும்ப வருகிற வலிப்பைக் கல்யாணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தார்கள். 1999-ல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். சட்டத்தில் போனது நம் மனதில் போகவில்லை.

இத்தனைக்கும் வலிப்புகளிலேயே நல்ல முடிவு உள்ளது இந்த ஒற்றைப் புழு வலிப்புதான்! பெரும்பாலானவர்களுக்குக் கட்டி சில மாதங்களில் தானாகவே சுருங்கி மறையும். அதுவரைக்கும் வலிப்பு மாத்திரையை ஒரு வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். பிறகு டாக்டர் பார்த்து மெல்லக் குறைத்து நிறுத்திவிடுவார். ஒளித்துவைத்து, பத்து நாள் சாப்பிட்டு, பயந்து நிறுத்தி, அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொள்கிற நோயே இல்லை இது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இருக்கும் தழும்பு புழு போட்டது இல்லை. நாம் போட்டது.

ஒரு எச்சரிக்கை. 'புழுதானே, பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுவிடலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். மூளையில் உள்ள புழுவை மருந்தால் ஒரேயடியாகக் கொன்றால் வீக்கம் கூடும், வலிப்பும் கூடும். எத்தனை கட்டி, எங்கே இருக்கிறது, கண்ணில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, வீக்கத்தை அடக்கும் மருந்தோடு சேர்த்துத்தான் டாக்டர் கொடுப்பார். சிலருக்குக் கொடுக்காமலும் விடுவார். பள்ளிக்கூடங்களில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று கொடுக்கிற அல்பெண்டசோல் நல்ல திட்டம், தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் டீச்சரிடமும் டாக்டரிடமும் முதலில் சொல்லுங்கள். அங்கேயும் மறைக்காதீர்கள்.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் கரண்டியை விடுவது, இரண்டும் வேண்டாம். நாலு பல் போகும், வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள், அடுப்பு, கூர்மையான சாமான் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆட்டோ பிடியுங்கள். முதல் தடவை வலிப்பு என்றால் சீக்கிரமே நின்றுவிட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

சமையலறைக்கு வருவோம். கீரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் கொதிக்க வெந்தால் முட்டை செத்தது. கவனிக்க வேண்டியது வேகாமல் வாய்க்குப் போவதை. ரசத்தை இறக்கிய பிறகு கிள்ளிப் போடுகிற கொத்தமல்லி, புதினாச் சட்னி, வெள்ளரிப் பச்சடி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற வெங்காயம். இவற்றை ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொரு இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்று நம்பாதீர்கள். அந்த முட்டை ஒட்டிக்கொள்கிற ஜாதி, உப்புக்கெல்லாம் சாகாது.

கீரையைவிட முக்கியம் கை. முட்டை அதிகம் பரவுவது நாடாப்புழு உள்ளவரின் நகக்கண்ணிலிருந்து அவர் பிசைகிற சாதத்துக்குத்தான். கக்கூஸுக்குப் போய்வந்தால் சோப்பு. சமைக்கும் முன் சோப்பு. பரிமாறும் முன் சோப்பு. நகம் வெட்டியிருக்க வேண்டும். சமைக்கிறவர் யாரானாலும் சரி, அம்மாவோ, மாமியாரோ, சமையல்காரரோ. பன்றிக்கறி சாப்பிடுகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. தாராளமாகச் சாப்பிடுங்கள், உள்ளே சிவப்பு தெரியாமல் வேகட்டும். மலத்தில் வெந்த சேமியாவை நசுக்கினாற்போல் வெள்ளைத் துண்டுகள் தென்பட்டால் வெட்கப்படாமல் வாருங்கள். ஒரு மாத்திரையில் போய்விடுகிற விஷயம்.

பன்றியையும் திட்டாதீர்கள். அது தானாக நாடாப்புழுவைத் தயாரிக்கவில்லை, நம் மலத்திலிருந்து எடுத்தது. பன்றிக்கு இப்போது தடுப்பூசியே இருக்கிறது. ஹைதராபாத் கம்பெனிதான் தயாரிக்கிறது. வாய்க்கால் ஓரம் மேய்கிற பன்றிகளைப் பிடித்துப் போடுவதற்கு நகராட்சிகள் செலவழிக்கிற சிரத்தையில் பாதியை மார்க்கெட்டில் தண்ணீர் வருகிற பொதுக் கழிப்பறைக்குச் செலவழித்தால், பன்றிக்கே இந்தப் புழு கிடைக்காது.

நிற்க. நியூயார்க் கதையைச் சொல்லத் தயங்குவேன் என்றேனே. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கியபோது, வீட்டில் உள்ள எல்லோரும் மலப்பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒரு தடவையில் தப்பிவிடும், மூன்று நாள் கொடுங்கள் என்றேன். நாடாப்புழு யார் குடலிலாவது இன்னும் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடாதே என்பதற்காக. நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது 'வேலைக்கு வருகிறவர்' என்ற ஒரு வார்த்தைதான். மறுநாளே வீட்டில் ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவை நிறுத்திவிட்டார்கள். சோதிக்கக்கூட இல்லை. அவர் பன்றிக்கறி சாப்பிடுகிற வீட்டுக்காரர் என்பது மட்டுமே ஆதாரம்.

ரிப்போர்ட் வந்தது. அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, ஒருவருக்கும் புழு இல்லை. பெண்ணின் தலைக்குள் அந்த முட்டை போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமோ. எந்தப் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற மாங்காய்க் கீற்றோ, எந்தக் கல்யாணப் பந்தியோ. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

போன மாசம் அந்த அம்மா மாத்திரைச் சீட்டு வாங்க வந்தார். ஆறு மாசமாக வலிப்பு இல்லை. இந்தத் தடவை கதவைச் சாத்தச் சொல்லவில்லை, பெஞ்சில் ஆள் இருக்கும்போதே "ஃபிட்ஸ் மாத்திரை தீர்ந்துபோச்சு டாக்டரம்மா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வேலைக்கு வந்தாங்களே, அந்த அம்மாவத் திரும்பக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆள் விட்டுக் கேட்டேன். வேற வீடு பார்த்துக்கிட்டாங்களாம். வரமாட்டேன்னுட்டாங்க" என்றார்.